கோடு நிற்கும் இடம்

மாத்தளையில் என்னைப் பற்றி விசாரித்தால், "நோபர்ட்டா? லைப்ரரியில வேலை செய்றாரே" என்பார்கள். என் அக்கா மார்ஜரி பரப்பிய செய்தி அது. என்ன வேலை செய்கிறாய் என்று அவள் ஒருநாள் கேட்டபோது, ஒரு லைப்ரரிக்குப் புதிது புதிதாகப் படம் சேர்க்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். அவள் அதை நகரத்துப் பொது நூலகம் என்று எடுத்துக்கொண்டு, எனக்குப் பெண் பார்த்த வீடுகளிலெல்லாம் அரசாங்க உத்தியோகம் என்று சொல்லிவிட்டாள். திருத்தித் திருத்தி வாய் வலித்ததுதான் மிச்சம்.

நான் சொன்ன லைப்ரரி கணினிக்குள் இருப்பது. எங்கெங்கோ தூர தேசத்தில் இருக்கிறவர்கள் எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று இணையத்தில் போட்டுவைத்த நிரல்கள். எண்களைக் கொடுத்தால் படமாக வரைந்து தரும். கம்பம், புள்ளி, கோடு, வட்டம் என்று அதற்குத் தெரிந்த பட வகை இருபத்தைந்து இருக்கும். தெரியாத வகை வேண்டுமானால் நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும்போது அதற்கு மூன்று காரியம் சொல்லிக் கொடுக்க வேண்டும்: இந்தப் படத்துக்கு என்னென்ன விவரம் தேவை, அவற்றை வைத்து எப்படி வரைவது, ஒரு விவரம் இல்லாமல் போனால் என்ன செய்வது. முதல் இரண்டையும் எழுதுவதில் எனக்குத் தலைக்கனமே உண்டு. மூன்றாவது சலிப்பான வேலை. அதை எழுதாமல் விட்டாலும் படம் வந்துவிடும்.

2008ஆம் ஆண்டு நான் வேலை பார்த்தது திருகோணமலை வீதியில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சிறிய ஆய்வு நிலையத்தில். நாள் முழுக்கக் கறுவாவும் சாதிக்காயும் மணக்கும். எங்கள் பணிப்பாளர் பாறூக் சேர் நல்ல மனிதர், ஆனால் எந்தப் புள்ளிவிவரத்தைக் கொடுத்தாலும் வட்டமாக வரைந்து துண்டு துண்டாக வெட்டித் தரச் சொல்வார். அவருக்கு மத்தியானப் பசி வரும் நேரம் பார்த்துத்தான் எங்கள் கூட்டங்கள் நடக்கின்றன என்று நான் முணுமுணுப்பதுண்டு.

அந்த வருடம் எங்களுக்கு வந்த வேலை வட்டத்துக்குள் அடங்காதது. எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் கீழ்ப் பிரிவு லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தொண்ணூற்றிரண்டு காம்பராக்கள், ஒற்றை அறைக் குடியிருப்புகள். 1972 முதல் இன்றுவரை ஒவ்வொரு காம்பராவிலும் யார் யார் குடியிருந்தார்கள், எப்போது பிறந்தார்கள் அல்லது வந்தார்கள், எப்போது செத்தார்கள் அல்லது போனார்கள் என்று தேடி எழுத வேண்டும். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேர். ஆளுக்கு ஒரு கோடு என்று நான் தீர்மானித்தேன். இடப்பக்கம் 1972, வலப்பக்க ஓரம் இன்றைய நாள். இறந்தவர் கோட்டின் முனையில் கறுப்புப் புள்ளி. இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர் கோட்டில் அம்பு. வேறிடம் போனவருக்குக் குறுக்கே ஒரு சிறு வெட்டு. இருக்கிறவர் கோடு ஓரம்வரை வரும். லைப்ரரியில் அப்படி ஒரு வகை இல்லை. நானே எழுதி, 'உயிர்க்கோடு' என்று அதற்குப் பெயரும் வைத்தேன்.

வீடு வீடாகப் போய் விவரம் எழுதியவள் டொறீன். அந்த லயத்திலேயே பிறந்து, உயர்தரம் படித்து, எங்கள் நிலையத்தில் சேர்ந்தவள். இருபத்தெட்டு வயது. கிழமை நாட்களில் மாத்தளையில் ஒரு வீட்டில் தங்கியிருந்து, சனிக்கிழமை தோறும் தாயிடம் போய்விடுவாள். அவள் நிரப்பிய படிவத்தில் அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. நான் எரிந்து விழாமல் பேசிய ஒரே ஆள் அந்த மாடியில் அவள்தான்.

ரபாயேல் அவளுடைய தம்பி. இருபத்திரண்டு வயது. கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் நின்றான். தோட்டத்துப் பையன்களுக்குக் கொழும்பில் வேலை என்பது 'நிற்பது'தான். கடையில் நிற்கிறான், ஹோட்டலில் நிற்கிறான் என்றுதான் பேச்சு. மே மாதம் பதினோராந் தேதி, கடைக்குப் பின்னால் பையன்கள் தங்கும் அறையிலிருந்து அவனையும் வேறு இரண்டு பேரையும் ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்ற இருவரும் அடுத்த நாளே திரும்பி வந்துவிட்டார்கள். ரபாயேல் வரவில்லை. கொண்டுபோனது யார் என்று எந்தப் பொலிஸிலும் பதிவில்லை. டொறீன் நாலு தடவை கொழும்புக்குப் போய் வந்தாள். கடைசியாக ஜூன் மாதம் ஒரு வாரம் லீவு போட்டுப் போனாள். திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று யுத்தம் நடந்த அந்த நாட்களில் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டோம்.

ஆகஸ்டில் படிவங்களைக் கொண்டுவந்து வைத்தபோது அவள் சொன்னாள்: "சேர், எங்க வீட்டு ஃபோம்ல ஒரு கட்டம் வெறுமையா இருக்கும். தம்பியோடது. அதுல நீங்க ஒண்ணும் போட்டுராதீங்க."

"போடமாட்டேன்."

"அம்மா இந்தப் படத்தத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்க. பொலிஸ் புத்தகத்துல அவன் பேரு இல்ல. கடைக்காரரும் சம்பளப் புத்தகத்துல அவன் பேர வெட்டிட்டார். நம்ம படத்துலயாச்சும் அவன் இருக்கணும்கிறாங்க."

"ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு பேர்ல ஒரு ஆள் விடுபட மாட்டாங்க. நான் பொறுப்பு" என்றேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

இரண்டு கிழமை உட்கார்ந்து அந்தப் பட வகையை எழுதினேன். புள்ளி கோட்டின் நுனியில் சரியாக உட்காராமல் அடம்பிடித்தது. அம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. தேதிகளை ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்ததால் ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் சிவப்பு எழுத்தில் ஓடின. எனக்கு நச்சரிப்பு என்றால் ஆகாது. எச்சரிக்கை எதுவும் காட்டாதே என்று ஒரு வரி எழுதி அதன் வாயை அடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். கடைசியில் படம் வந்தபோது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று பார்த்தேன். எழுபத்துமூன்று, எழுபத்துநாலில் கறுப்புப் புள்ளிகள் ஈயாக மொய்த்துக் கிடந்தன, அது மாவுக்கும் மரவள்ளிக்கும் ஆட்கள் அலைந்த பஞ்சக் காலம். அதற்குப் பிறகு பத்து வருடம் அம்பு அம்பாக இந்தியாவுக்கு. பாறூக் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதுல வட்டமே வேணாம்தான்" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடமிருந்து எனக்குக் கிடைத்ததில்லை.

கல்யாண பேனர் அடிக்கும் கடையில் அதை நாலடி அகலத்தில் இரண்டு தாளாக அச்சடித்து, செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்கடுவை பஸ்ஸில் கொண்டுபோனோம். உக்குவளை தாண்டியதும் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். ஓர் இளம் ஆமிக்காரன் தாளை விரிக்கச் சொன்னான். கோடுகளையும் புள்ளிகளையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மேக மொகத?" என்று, இது என்னவென்று கேட்டான். தேயிலைத் தோட்டத்துக் கணக்கு என்று சிங்களத்தில் சொன்னேன். "லஸ்ஸனய்", அழகாயிருக்கிறது என்று சொல்லி, அவனே பத்திரமாகச் சுருட்டிக் கொடுத்தான். எனக்கு, வெட்கக்கேடு, அது பெருமையாக இருந்தது.

பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் தாள்களைத் தொங்கவிட்டோம். வேதக்காரர், சைவக்காரர் என்று பார்க்காமல் பிரிவே திரண்டு வந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் இடப்பக்கத்தில் சின்ன எழுத்தில் பெயர் போட்டிருந்தேன். படத்தை வாசிக்க அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு குச்சியோடு போயிருந்தேன். குச்சிக்கு வேலையே இல்லை. அழகமுத்து என்ற கிழவர் நேராகத் தன் மனைவியின் கறுப்புப் புள்ளியைக் கண்டுபிடித்து அதன்மேல் பெருவிரலை வைத்து, பின்னால் வந்தவர்கள் தள்ளும்வரை எடுக்கவில்லை. நல்லம்மா என்ற பெண் ஓர் அம்பைக் காட்டி, "இந்தா போறான் பாரு எங்கண்ணன், போயி ஒரு கடதாசி போட்டானா" என்று பக்கத்தில் நின்றவளிடம் சண்டை பிடித்தாள்.

டொறீனின் தாய் மதலேனா எல்லாரும் பார்த்து முடியும்வரை ஓரமாக நின்றார். ஐம்பத்துநாலு வயது, இன்னும் மலையில் கொழுந்து பறிப்பவர். பிறகு வந்து முப்பத்தொன்பதாம் காம்பராவைத் தேடி எடுத்தார். புருஷன் சவரிமுத்து, தொண்ணூற்றொன்பதில் கறுப்புப் புள்ளி. மதலேனா. டொறீன். அதற்குக் கீழே நாற்பதாம் காம்பரா தொடங்கிவிட்டது.

அவர் மறுபடி மேலிருந்து விரலை வைத்து இறக்கினார். மூன்று. பக்கத்து வீட்டுக் கோடுகளையும் ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல் கேட்டார்.

"தம்பி, பிடிச்சிட்டுத்தானே போனாங்க? அவன் பொறந்தது கூடவா இல்லாம போயிரும்?"

நான் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டொறீன் என்னையே பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை அலுவலகம் வந்து, நான் வாயடைத்து வைத்த எச்சரிக்கைகளைத் திறந்துவிட்டேன். நூறு வரி நச்சரிப்புக்கு நடுவில் அந்த ஒரு வரி கிடந்தது. மதிப்பு விடுபட்டிருந்ததால் பதினேழு வரிசைகள் நீக்கப்பட்டன. நான் எழுதாமல் விட்ட மூன்றாவது காரியம். விவரம் இல்லாவிட்டால் என்ன செய்வதென்று நாம் சொல்லாவிட்டால், லைப்ரரி தன் வழக்கப்படி செய்யும். முடிவு இல்லாத ஆளை முதலிலிருந்தே எடுத்துவிடும். இருபத்திரண்டு வருடக் கோட்டை, கடைசி ஒரு கட்டம் வெறுமையாக இருந்த குற்றத்துக்காக. லைப்ரரியை எழுதிய தூர தேசத்துக்காரர்களைத் திட்டிப் பார்த்தேன். திட்டு ஒட்டவில்லை. அது எனக்குச் சொல்லத்தான் சொல்லியிருக்கிறது, கேட்காமல் வாயை அடைத்தவன் நான்.

மற்றப் பதினாறு பேரில் பெரும்பாலானோர் கப்பலேறிப் போய் எப்போது போனார்கள் என்று சொல்ல ஆள் இல்லாதவர்கள். எண்பத்துமூன்று கலவரத்தில் ஓடியவர்கள் இரண்டு பேர். அவர்களுக்காகக் கேட்க அந்த மண்டபத்தில் யாரும் இருக்கவில்லை.

பாறூக் சேரிடம் போய், புதிதாக ஒரு முனை வைக்கிறேன், திறந்த வட்டம், விளக்கத்தில் 'தகவல் இல்லை' என்று எழுதுகிறேன் என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்கு இந்தப் படம் வெளங்குது நோபர்ட். வெளங்கினதாலதான் பயம். அந்த ஒரு வரியப் போட்டா, அறிக்கை போற அரசாங்கக் கச்சேரி ஒபிஸ்ல கேப்பாங்க, இது யாரு, எந்த வருஷம், ஏன் தகவல் இல்லன்னு. பொறகு அந்தப் புள்ள டொறீனத்தான் கூப்பிட்டு விசாரிப்பாங்க. கோடு இருக்கட்டும், முனையில குறியும் விளக்கமும் மட்டும் வைக்காதீங்க."

அவரைக் கோழை என்று திட்ட நினைத்துத்தான் வாயெடுத்தேன். டொறீனின் பெயரைச் சொன்னதும் அடங்கிவிட்டேன். அந்த வருடம் மாத்தளையில் பயப்படாதவன் யாராவது இருந்திருந்தால் அவனுக்குப் புத்தி சரியில்லை.

ஆகவே குறியில்லாமல் கோடு மட்டும். ஆனால் எதுவரை? அதைக் கேட்க நானே அடுத்த சனிக்கிழமை டொறீனோடு லயத்துக்குப் போனேன். மதலேனா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "மிஷின் செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். அது மெஷின் செய்ததல்ல என்று சொல்லும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

"அம்மா, மே மாசம் பதினோராந் தேதி வரைக்கும் அவர் இருந்தது நமக்குத் தெரியும். அதுக்குப் பொறகு தெரியாது. கோட்ட எப்படி விட?"

அவர் யோசிக்கவே இல்லை. "அது பாட்டுக்கு நிக்கட்டும் தம்பி" என்றார்.

எவ்வளவு நெஞ்சுரம் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பெண்ணை மனதுக்குள் வணங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாவது காரியத்தை ஒழுங்காக எழுதினேன்: முடிவு இல்லாதவருக்குக் கடைசியாகத் தெரிந்த தேதியோடு கோட்டை நிறுத்து, முனையில் எதுவும் வைக்காதே. முப்பத்தொன்பதாம் காம்பராவை மட்டும் நாலடி நீளப் பட்டையாக அச்சடித்து, நாலு தாளை ஒட்டி, டொறீனிடம் காட்டாமல் நானே எடுத்துக்கொண்டு போனேன். மகிழ்ச்சிப்படுத்தும் ஆசைதான்.

மதலேனா கட்டிலில் பட்டையை விரித்து வைத்துக் குனிந்தார். நாலு கோடு. நாலாவதன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரலை எண்பத்தாறில், அவன் பிறந்த இடத்தில் வைத்து மெதுவாக நகர்த்தினார். கோயிலில் முதல் நன்மை எடுத்தது, பள்ளிக்கூடம் விட்டது, கொழும்புக்குப் போனது என்று வருடம் வருடமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஓரத்துக்கு ஒரு விரல் அகலம் இருக்கும்போது விரல் வெள்ளையில் இறங்கியது. நகர்வது நின்றது.

"நிக்கட்டும்னுதானே சொன்னேன் தம்பி."

"நிக்குதுதானே அம்மா. பாருங்க, சரியா மே மாசத்துல."

"நின்னு போச்சே" என்றார். "அவன் கொழும்புல நின்னானே, அது மாதிரி நிக்கட்டும்னேன். இருக்கட்டும்னு சொன்னேன். நீங்க நிப்பாட்டிட்டீங்களே."

ஒரே சொல். நான் பிறந்ததிலிருந்து பேசுகிற சொல். அவர் மகனை நிற்கவைக்கச் சொன்னார், நான் கோட்டை நிற்கவைத்துவிட்டேன். அப்போது தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த டொறீன் பட்டையைப் பார்த்தாள்.

"இத யாரு இங்க நிறுத்தச் சொன்னது?" என்று என்னைக் கேட்டாள். சேர் என்று கூடச் சொல்லவில்லை. குடத்தை வைக்கும்போது பாதித் தண்ணீர் தரையில் போயிற்று.

நான் புள்ளிவிவரம் படித்தவன். தெரியாததைத் தெரிந்ததுபோல் வரைவது எங்கள் தொழிலில் பெரிய பாவம். ஓரம்வரை கோட்டை இழுத்தால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று நான் சொன்னதாகும். இரண்டு நாள் இதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் மூன்றாவது காரியத்தைத் திருத்தி எழுதினேன்: முடிவு இல்லாதவர் கோடு, படம் அச்சடிக்கும் நாள்வரை வரட்டும். தொழிலுக்குப் பாவம் என்றால் அதை நான் சுமந்துகொள்கிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மற்றப் பதினாறு பேரும் அந்த விதியில் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். "இதென்ன, நூத்தி ஏழு வயசுல வேலம்மான்னு ஒரு ஆள்?" என்று பாறூக் சேர் கேட்டார். "நிக்கிறா சேர்" என்றேன்.

அன்று தொடங்கியதுதான். படத்தின் ஓரம் என்பது அச்சடிக்கும் நாள் என்றபடியால், அடுத்த மாதம் அச்சடித்தால் கோடு ஒரு மாதம் வளர்ந்திருக்கும். நாலடிப் பட்டையில் அது ஏறத்தாழ ஒரு நூல் அளவு, அங்குலத்தில் எட்டிலொரு பங்கு. மதலேனா அதைக் கண்டுகொண்டார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை டொறீன் என் மேசைக்கு வருவாள். நான் அச்சடித்து, நாலு தாளை ஒட்டி, சுருட்டிக் கொடுப்பேன். "போன மாசத் தாளுக்கு மேல வச்சு அளந்து பாக்குறாங்க சேர். ஒரு நூல் வந்திருக்கான்கிறாங்க" என்று திங்கட்கிழமை வந்து சொல்வாள். அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. தூரத்துக்குப் போய்விட்ட மகன் ஒவ்வொரு மாதமும் ஒரு நூல் நெருங்கி வருவதாக அந்தத் தாய் நினைத்தாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமைகளில் நான் யார்மீதும் எரிந்து விழுவதில்லை என்று பாறூக் சேர் சொன்னார்.

டொறீன் மட்டும் மெலிந்துகொண்டே போனாள். தாயைப் பற்றிய கவலை என்று நினைத்தேன்.

பெப்ரவரி நடுவில் மதலேனா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது கூடையோடு சாய்ந்தார். பிரசர் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வருவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கத்துக்குப் போனேன். பிரிவு முழுக்க அழுதது. டொறீன் அழவில்லை. பெட்டியின் தலைமாட்டில் ஒரு பக்கம் மகன் நிற்க வேண்டிய இடத்தை விட்டுத்தான் எல்லாரும் நின்றார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஏழாம் நாள் பூசை முடிந்து அவள் வேலைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, மாதத்தின் கடைசி வெள்ளி. நேராக என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அம்மாவோட தேதியப் போட்டுருங்க சேர்."

போட்டேன். மதலேனாவின் கோட்டு நுனியில் புள்ளி வந்தது. என் நிரலில் அந்தப் புள்ளி எவ்வளவு சுத்தமாக உட்காருகிறது என்று ஒருகாலத்தில் நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

"தம்பியோடதையும் நிறுத்திருங்க."

அந்தச் சொல்லில் நான் ஒரு தடவை சூடு பட்டவன். "நிறுத்துறதுன்னா எப்படி டொறீன்? அப்படியே இருக்கட்டும்ங்கிறீங்களா, முடிக்கச் சொல்றீங்களா?"

"முடிச்சிருங்க."

"அம்மா இல்லைங்கிறதுக்காகவா? தெரியாம எப்படி முடிக்கிறது? பிடிச்ச நாளையா போடுறது?"

"இல்ல சேர். மே மாசம் பதினாலு."

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஜூன்ல லீவு போட்டுப் போனேனே. ஒரு பிணவறையில அஞ்சு பேரக் காட்டினாங்க. நாலாவது அவன். மே பதினாலு அங்க கொண்டு வந்திருக்காங்கன்னு கடதாசியில இருந்துச்சு. நான்தான் கையெழுத்து வச்சேன். அங்கயே அடக்கம் பண்ணிட்டேன். நானும், ஒரு பாதரும், குழி வெட்டின ரெண்டு பேரும். அம்மாகிட்ட சொல்லலாம்னுதான் வந்தேன். வாசல்ல நின்னுக்கிட்டு, வந்துருவானாமான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டது அவள். அழகான கையெழுத்தில் மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே முடிவை மட்டும் எழுதாமல் விட்டவள். நான் அச்சடித்துக் கொடுத்த பட்டைகளை ஒவ்வொரு மாதமும் சனிக்கிழமை பஸ்ஸில் கொண்டுபோய், தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஒரு நூலை அளக்க விளக்கைக் கிட்டப் பிடித்தவள் இவள். நான் ஏதோ பெரிய பாவத்தைச் சுமந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்னைப் பார்க்கவே கூசியது. கட்டத்தில் தேதியை அடித்தேன். முடிவு வகை கேட்டது. இறப்புக்குரிய ஒன்று என்ற எண்ணை அடித்தேன். ரபாயேலின் கோடு ஒன்பது மாதம் பின்வாங்கி, மே மாதத்தில் ஒரு கறுப்புப் புள்ளியோடு முடிந்தது.

டொறீன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளுடைய தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் சத்தம் இல்லை. பிறகு சத்தமாகவே வந்தது. கீழே பலசரக்குக் கடையில் ஆட்கள் பேச்சை நிறுத்தியது கேட்டது. பாறூக் சேர் தன் அறையிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்று, "பாவம் புள்ள, உம்மா போன துக்கம்" என்று மெதுவாகச் சொன்னார். நான் எழுந்து கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதீங்க சேர்" என்றாள் டொறீன், முகத்தைத் துடைக்காமலே. "இவ்வளவு நாளும் அவனுக்காக அழ எடமில்லாம இருந்தேன். இப்ப அழுதா அம்மாவுக்குன்னு நெனச்சுக்குவாங்க."

நான் கதவைத் திறந்தபடியே விட்டேன்.